வலது தோள்காரன்

ஏப்ரல் 17

இதை எழுதச் சொன்னது பிசியோதெரபி பார்க்கிற பர்வீன் டாக்டரம்மா. தினமும் என்ன பயிற்சி செய்தேன், எங்கே வலித்தது, வலி பத்துக்கு எத்தனை என்று எழுதி எடுத்துவர வேண்டுமாம். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். சரி, எழுதிவிட்டுப் போகிறேன்.

நடந்தது இதுதான். சித்திரை முதல் தேதி புறப்பாடு முடிந்து, சுவாமியை இறக்கி வைத்துவிட்டு மடப்பள்ளிப் பக்கம் போனபோது அபிஷேகத் தண்ணீரில் வழுக்கி வலது கணுக்கால் மடங்கிவிட்டது. சுவாமி தோளில் இருக்கும்போது நான் விழவில்லை. ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள், அதனால் இதை முதலில் எழுதுகிறேன். சர்க்கரைப் பொங்கல் வாங்கப் போய் விழுந்தான் என்பது அதைவிடக் கேவலம்தான். ஆனால் அதுதான் உண்மை.

எலும்பு நன்றாக இருக்கிறது. ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் என்கிறார் டாக்டரம்மா. வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் ஏழு வாரத்தில் வருகிறது. இடையில் ஒரே ஒரு வாரம்.

பகலில் நான் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவன். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் சிவன் கோயில் முன்தண்டு அம்பலவாணன் என்றுதான் சொல்வார்கள். திருவிழாவில் சுவாமியை வாகனத்தில் வைத்து, நீளமான தண்டுகளில் கட்டித் தோளில் சுமந்து வீதி வருவோம். தண்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று ஜோடியாக நிற்க வேண்டும். முன்தண்டில் முதல் ஜோடி நானும் கலியபெருமாளும், பதினெட்டு வருஷமாக. எனக்கு வலது தோள், அவனுக்கு இடது தோள். தண்டுக்கு அடியில் ஒருவன் இடுப்பு வேட்டியை மற்றவன் பின்னாலிருந்து பற்றிக்கொள்வோம். நில், திரும்பு, மெதுவாப் போ எல்லாம் அந்தப் பிடியிலேயே பேசிக்கொள்வோம். வாயைத் திறக்க மாட்டோம்.

ஐந்தாம் நாள் வெள்ளி ரிஷப வாகனம். எங்கள் வழக்கம் இது: ரிஷபத்தன்று யார் தோள் கொடுக்கிறாரோ, அந்த இடம் அவருடையது. காய்ச்சல், கல்யாணம், சாவு என்று எந்தக் காரணமும் செல்லாது. இடம் பிடித்தவன் அடுத்த வருஷம் தானாக விட்டுக்கொடுத்தால் உண்டு. விட்டுக்கொடுத்தவனை இதுவரை நான் பார்த்ததில்லை.

வலி பத்துக்கு ஆறு.

ஏப்ரல் 18

டாக்டரம்மாவிடம் என் பயத்தைச் சொன்னேன். ஆறு வாரம் படுத்தால் உடம்பு கரைந்துவிடும், பிறகு எதைக் கொண்டு தூக்குவது?

"உங்களை யாருண்ணே படுக்கச் சொன்னா? லீவு கணுக்காலுக்குத்தான். தோளு, முதுகு, தொடை, இடது காலு, இதுக்கெல்லாம் யாரு லீவு குடுத்தா?"

நாற்காலியில் உட்கார்ந்தபடி தண்ணீர் கேனைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்த வேண்டும். அடிபட்ட காலைக் கீழே ஊன்றாமல் நீட்டி மடக்க வேண்டும். சும்மா இருந்தால் சதை சீக்கிரம் போய்விடுமாம், வேலை கொடுத்துச் சாப்பாடும் கொடுத்தால் நிற்குமாம். தினம் முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை. எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

மங்கை இரண்டு முட்டை அவித்து வைத்துவிட்டு, "இப்படியாவது எந்திரிக்காம ஒரு எடத்துல உட்காந்தீங்களே, சாமிக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள். மனைவி பேசுகிற பேச்சா இது?

ஏப்ரல் 20

சுவாமி தூக்குகிற எங்கள் குழுவுக்குத் தலைவர் சபாபதி மாமாவும் கலியபெருமாளும் வந்தார்கள். நான் எழும்வரை என் இடத்தில் யாரை நிறுத்துவது என்று பேச வேண்டியிருந்தது. பிரதோஷம் இருக்கிறது, அதோடு பக்கத்து ஊரான மேலூர் கோயில் சித்திரை உற்சவத்துக்கும் பத்து நாள் எங்கள் ஆட்கள்தான் போவார்கள்.

"இளங்கோ இருக்கான். அம்பலம் ஒசரம் அப்படியே. தோளும் நல்ல தோளு" என்றார் மாமா.

இளங்கோவை எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பின்தண்டில் நின்றுகொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"தினகரனைப் போடுங்க மாமா. அமைதியான ஆளு. அடி எடுத்து வைக்கிறது சுத்தம்" என்றேன்.

"அவன் ரெண்டு விரக்கடை குட்டைடா."

"துண்டை நாலா மடிச்சுத் தோள்ல போட்டா சரியாப் போயிடும்."

மாமா கலியபெருமாளைப் பார்த்தார். தண்டை அவனோடுதானே பகிர வேண்டும். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்பலம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

தினகரன் நல்ல பையன் என்பதால்தான் சொன்னேன். செல்போன் கடையில் வேலை, வீட்டில் கஷ்டம், சுவாமி தொட்டால் நல்லது நடக்கட்டும். வலி ஐந்து.

ஏப்ரல் 25

பிரதோஷம். நாகஸ்வரச் சத்தம் வீடுவரை கேட்டது. மூன்றாவது சுற்றில் வழக்கமாக நாங்கள் வேகத்தைக் குறைப்போம். நான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டே அந்த இடம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மங்கை பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கலியபெருமாள் பிரசாதத்தோடு வந்தான். தினகரன் எப்படி என்றேன்.

"நல்லாத்தான் வர்றான். துண்டுதான் நசுங்கிப் போவுது. ரெண்டாம் சுத்துலயே தண்டு அவன் தோளை விட்டு மேல நின்னுடுது."

"இன்னும் ஒரு மடிப்புப் போடச் சொல்லு."

"சொல்றேன்" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

ஏப்ரல் 29

மங்கையின் தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். வலது மெலிந்திருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் சுண்டல் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

மே 3

மேலூர் உற்சவம் தொடங்கிவிட்டது. கலியபெருமாள் காலையில் அங்கே தூக்கிவிட்டு, மாலையில் என்னிடம் வந்து, நான் ஒற்றைக் காலில் நிற்கப் பழகும்போது பக்கத்தில் நிற்கிறான். நான் சாய்ந்தால் பிடிக்கத்தான். வேறு யார் இப்படி வருவார்கள்?

இன்று மங்கை கொடுத்த காபி டம்ளரை இடது கையால் வாங்கிக் கீழே போட்டுவிட்டான். "கண்ணு எங்கடா இருக்கு, புதுப்பொண்ணு மாதிரி நடுங்குறே" என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான். மங்கை சிரிக்கவில்லை, துணி எடுத்துவந்து துடைத்தாள்.

வலி மூன்று. தோளும் முதுகும் முன்பைவிட உறுதி. இது பொய்யில்லை, சட்டை கையில் பிடிக்கிறது.

மே 7

இடுப்புக்கு மேலே எல்லாம் சரி, ஆனால் இன்னொரு கவலை. வலது தோளில் பதினெட்டு வருஷக் காய்ப்பு இருக்கிறது, தண்டு உட்காருகிற இடத்தில் கெட்டியாக. சுமக்காவிட்டால் அது மிருதுவாகிவிடும். தோல் உரிந்தால் ரிஷபத்தை எப்படித் தாங்குவது? டாக்டரம்மாவுக்குச் சதை தெரியும், காய்ப்பு தெரியாது. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உலக்கையைத் துணிசுற்றி வலது தோளில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறேன், இரண்டு நுனியிலும் வாளி கட்டி.

"வாசக் கதவை மூடிட்டாவது செய்யுங்க. பாக்குறவங்க என்னைத்தான் தப்பா நெனைப்பாங்க" என்றாள் மங்கை.

இந்தப் பக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டப்போவதில்லை. அவருக்குத் தனித் தாள்.

மே 12

மேலூர் உற்சவம் முடிந்தது. தேருக்கு முந்தின நாள் பெரிய கைலாச வாகனம். நான் கட்டோடு மேலூர்வரை போய்த் தெருமுனையில் நின்று பார்த்தேன். முன்தண்டில் கலியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். தினகரன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் துண்டு மட்டும் இருந்தது. கனம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதாவது, அந்தத் தூரத்தில் சரியாகத் தெரியவில்லை.

இளங்கோ பின்தண்டிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். நான் கவனிக்காதது போல் இருந்துவிட்டேன்.

மே 16

கட்டு எடுத்தாயிற்று. குதிகால் தூக்கி நிற்கிறேன். டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். "இப்படி ஒழுங்கா செய்யிற ஆளு பத்துல ஒருத்தர் கெடையாதுண்ணே."

வீட்டுக்கு வந்து மங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் வேறு ஒன்று சொன்னாள். கலியபெருமாளின் மனைவி சந்தானம் இவளைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாளாம். அவர் ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாராம். சட்டைப் பித்தான் சந்தானம்தான் போட்டுவிடுகிறாளாம்.

"அவனுக்கு எப்பவும் கொஞ்சம் அலட்டல்" என்றேன்.

"ஏங்க, அன்னிக்கு மாமா இளங்கோவைத்தானே சொன்னாரு. நீங்க ஏன் தினகரனைச் சொன்னீங்க?"

கொசுவர்த்தி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். நொண்டாமல் நடந்தேன். வலி ஒன்று.

மே 17

கலியபெருமாள் இன்று வரவில்லை.

மே 18

இன்றும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். வேலையாம்.

மே 24

பிரதோஷம். நான் தூக்கவில்லை, போய்ப் பார்த்தேன். கலியபெருமாள் தூக்கினான். முடிந்ததும், "அஞ்சாம் நாளுக்கு நீ வந்துடுவேல்ல?" என்று கேட்டான். "வந்துடுவேன்" என்றேன். "அதுவரைக்கும் சமாளிச்சுட்டாப் போதும்" என்றான்.

என்னத்தைச் சமாளிப்பது என்று நான் கேட்டிருக்கலாம். கூட்டமாக இருந்தது.

மே 31

கொடியேற்றம். எல்லோருக்கும் காப்பு கட்டியாயிற்று, இனி திருவிழா முடிகிறவரை முட்டை கிடையாது. மங்கை வேர்க்கடலையும் மொச்சையும் மாற்றி மாற்றித் தருகிறாள்.

டாக்டரம்மா ஒற்றைக் காலில் குதிக்கவிட்டுப் பார்த்தார், தோளில் மூட்டையோடு நடக்கவிட்டுப் பார்த்தார். "கணுக்கால்ல பட்டை கட்டிக்கிட்டு தூக்குங்க. ஆனா வலிச்சா நிறுத்திடணும்" என்றார். நான் வெளியே வந்து தெருவிலேயே கும்பிட்டேன். என் உடம்பில் ஒரு பலமும் குறையவில்லை. கெண்டைக்கால்கூடத் திரும்பிவிட்டது. ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 1

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலைப் புறப்பாட்டுக்கு நான் போனேன். என் இடத்துக்குத் தினகரன் சந்தோஷமாக வழிவிட்டான். "அப்பாடா, எடுத்துக்கண்ணே. எனக்கு வெறுந்துண்டுதான் மிச்சம்" என்றான். கலியபெருமாள் தண்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். தூக்கினோம். தண்டு இரண்டு தோளிலும் சமமாக உட்கார்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் வேட்டியைப் பிடித்தேன். அவன் கை என் இடுப்புக்கு வந்தது, பட்டது, பிடிக்கவில்லை. சும்மா கிடந்தது. தெற்கு வீதி திரும்பும் இடத்தில் அவன் எப்போதும் இரண்டு முறை இழுப்பான். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னாலிருந்து சபாபதி மாமா கத்தினார். எப்படியோ திரும்பினோம்.

ஆயக்காலில் தண்டைத் தாங்க வைத்து இளைப்பாறும்போது, "ஏன்டா இழுக்கலை?" என்றேன்.

"இழுத்தேனேடா."

"இழுக்கலை."

"புடிச்சுத்தான் இருந்தேன், ரெண்டு தரம் இழுத்தேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிடித்திருப்பதாகத்தான் அவன் நினைத்திருக்கிறான்.

பிறகு இரண்டு பேரும் அவனுடைய இடது கையைப் பார்த்தோம். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றியிருந்தது. என் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தவன் நான்.

ஜூன் 2

வர மாட்டேன் என்றவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். விரலை விரிக்கச் சொன்னார், அவர் கையை இறுக்கச் சொன்னார், குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். கழுத்திலிருந்து கைக்கு வருகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். பெரிய டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்கக் கடிதம் கொடுத்தார்.

"எடது தோள்ல மட்டும் அளவுக்கு மீறிக் கனம் ஏறுச்சா? கொஞ்ச நாளா?"

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். "வயசாவுதுல்ல டாக்டரம்மா. அதான்."

"இனிமே ஒரு கிலோகூட அந்தத் தோள்ல ஏறக்கூடாது. இப்ப விட்டா நாலஞ்சு மாசத்துல திரும்ப வரலாம். இன்னும் ஒருவாட்டி பெருசா நசுங்கினா கை வராமலே போயிடலாம். நான் பயமுறுத்தலைண்ணே, உள்ளதைச் சொல்றேன்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்காமல் நின்றோம்.

"ரிஷபத்தை மட்டும் தூக்கிடறேன். அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன்."

"உனக்குப் பைத்தியமாடா?"

"அன்னிக்கு நிக்கலைன்னா எடம் போயிடும், அம்பலம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா. எனக்கு அது மட்டும்தான் தெரிந்திருந்தது.

"கலியா, அன்னிக்கு நான் தினகரனைச் சொன்னது..."

"வண்டியை எடு."

"இல்லடா, இளங்கோ வந்தா எங்க..."

"தெரியும்டா. அன்னிக்கே தெரியும். நீ படுத்துக் கெடந்தே, எடமும் போச்சுன்னா ஒடைஞ்சு போயிடுவே. ரெண்டு விரக்கடைதானே, தாங்கிக்கலாம்னு நெனைச்சேன். வண்டியை எடு, வெயில் ஏறுது."

வீட்டில் இறக்கிவிடும்போது சந்தானம் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்து, "காலு சரியாப் போச்சாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 3

இன்று பயிற்சி செய்யவில்லை. உலக்கையைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மாலையில் மாமா வீட்டுக்குப் போனேன். கலியபெருமாள் கையைப் பற்றிச் சொன்னேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அவன் இடத்துக்கு இளங்கோவைப் போடலாம், உன் உயரம் அப்படியே, நாளைக்கு உனக்குக் கஷ்டம் இருக்காது என்றார். எனக்கு ஒரு குறையும் வராது. என் இடம் எனக்கு. கலியபெருமாள் இடம் இளங்கோவுக்கு. அவன் விடமாட்டான், நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

"இளங்கோ வலது தோளுக்குப் போகட்டும் மாமா. கலியபெருமாள் பக்கம் நான் நிக்கறேன்."

"நீ வலது தோள்காரன்டா. எடதுல உனக்கு ஒரு காய்ப்பும் கெடையாது. ரிஷபம் என்ன கனம்னு தெரியும்ல?"

"தெரியும்."

"உன் எடம் இளங்கோவுக்குப் போயிடும். அப்புறம் வந்து அழுதா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"அழ மாட்டேன்."

மாமா என் இடது தோளை அழுத்திப் பார்த்தார். பிறகு, "கலியன் எடத்தை அவனுக்குத் திருப்பிக் குடுப்பியா?" என்றார்.

"அதுக்குத்தானே நிக்கறேன்."

மங்கையிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என் இடது தோளில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். "குழந்தைத் தோள் மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூன் 4

ரிஷபம் ஆறு மணிக்குப் புறப்பட்டது.

கலியபெருமாள் ஈர வேட்டியோடு வந்து தன் இடத்தில் நிற்கப் போனான். அங்கே நான் நின்றேன். "நகருடா" என்றான். நகரவில்லை. அந்தப் பக்கம் இளங்கோ வந்து நின்றதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விளங்கிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரம் சாய்த்திருந்த ஆயக்காலை வலது கையால் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் நின்றான்.

தூக்கினோம். ஏழு வாரம் நான் பாடுபட்டு வைத்திருந்த தொடை தாங்கியது, முதுகு தாங்கியது, கணுக்கால் சத்தமே போடவில்லை. தோளில் மட்டும் கீழ வீதியில் பாதி போவதற்குள் தோல் கிழிந்துவிட்டது. வீதி முடியும்போது ரத்தம் நெஞ்சில் வழிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. இளங்கோ என் வேட்டியைப் பிடித்த பிடி புதிது, எனக்கு அவன் பாஷை புரியவில்லை. அதனால் நான் முன்னால் போகிற கலியபெருமாளின் முதுகைப் பார்த்தே நடந்தேன். அவன் தெற்கு வீதித் திருப்பத்தில் ஆயக்காலைத் தரையில் இரண்டு முறை தட்டினான். திரும்பினோம். தண்டு அசையவில்லை.

சுவாமி உள்ளே போனதும் எல்லோரும் இளங்கோவைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்தண்டு வலது தோள் இனி அவன். அவன் என்னிடம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். "நல்லா நின்னே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே நன்றாகத்தான் நின்றான். அதுதான் கோபமாக இருக்கிறது.

கலியபெருமாள் விபூதியை அள்ளி வந்து என் தோளில் வைத்து அழுத்தினான். எரிந்தது.

"அடுத்த வைகாசிக்கு நான் வந்து நகருடான்னு சொல்வேன். அப்ப நீ எங்க போவே?"

"போடா, மொதல்ல அந்தக் கையைச் சரி பண்ணு. நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட போறோம். தினமும் நான் வந்து பக்கத்துல நிப்பேன். நீ செய்யலைன்னா ஒதைப்பேன்."

அவன் இடது கையைத் தூக்கி என் இடுப்பு வேட்டியைப் பிடித்தான். பிடி இல்லை. விரல் மட்டும் துணிமேல் கிடந்தது.

"புடிச்சிருக்கேனா?" என்று கேட்டான்.

"புடிச்சிருக்கே" என்றேன்.